ஜன்னலோரப் பலகைகள்

அறுபதைத் தாண்டிய ஒரு மனிதரை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதையில்லைதான். ஆனால் அந்த அக்டோபரில் டூகல் தன் சொந்த வீட்டு முன்னறைக்கு அடியில், பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே, வாயில் முகமூடியும் தலையில் ஒட்டடையுமாக மல்லாந்து கிடந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அவன் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எழுந்து உட்கார அங்கே இடமில்லை. தலையைத் தூக்கினால் உத்தரக் கட்டை நெற்றியில் இடிக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு, மார்பின் மேல் செம்மறிக் கம்பளியில் செய்த தடித்த மெத்தைத் துண்டு. அதை இரண்டு கட்டைகளுக்கு நடுவே மேல்நோக்கித் திணித்து, விழாமலிருக்க அடியில் வலையை இழுத்துப் பிடித்து, ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டே முதுகால் நகர வேண்டும்.

இவ்வளவும் மொய்ராவுக்காக. மொய்ரா அவன் மனைவி. போன பிப்ரவரியில், “குளிர் குறையட்டும், வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான கலாஷீல்ஸில் இருக்கும் தங்கை எஃபி வீட்டுக்குப் போனவள். குளிர் குறைந்தது. வசந்தம் வந்தது. அவர்கள் வசிக்கும் ஹாயிக் ஊரே குதிரை ஏறிக் கொண்டாடும் ஜூன் திருவிழாவும் வந்து போனது. மொய்ரா மட்டும் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசிக்கொண்டார்கள், மழையைப் பற்றி, பக்கத்து வீட்டு ஹமிஷின் இடுப்புவலியைப் பற்றி. அந்தப் பக்கத்து ஆட்கள் பிரிவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் ஒரு பையோடு போவார். அப்புறம் இன்னொரு பையை எடுக்க வருவார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

போன வாரம் போனில் மழையைப் பேசி முடித்த பிறகு மொய்ரா சொன்னாள்.

“எஃபி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட் காலியாகுது. கீழ்த்தளம். சின்னதுதான்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். வேற யாருக்கு, ஹமிஷுக்கா?”

‘வேண்டாம், வந்துடு’ என்று டூகல் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுவும் சொல்லிடாத. நான் தரையைப் பண்ணிட்டிருக்கேன்.”

அது பொய். அப்போது அவன் தரையைத் தொட்டிருக்கவே இல்லை.

“தரையையா?” என்றாள் மொய்ரா.

“ஆமா. அடியிலேருந்து. கம்பளி வெச்சு.”

“சரி. குளிர்காலத் துணியெல்லாம் எடுக்க எப்படியும் வரணும். வெள்ளிக்கிழமை வரேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டூகல் மறுநாள் காலையிலேயே போய் வேன் நிறையக் கம்பளிச் சுருள்கள் ஏற்றிவந்தான்.

அந்தத் தரையின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். டூகல் பின்னலாடை மில்லில் லாரி ஓட்டியவன். நல்ல உழைப்பாளி, குடிக்கமாட்டான், யாரையும் கடிந்து பேசமாட்டான். ஆனால் பழைய வீடு என்றால் பைத்தியம். டெவியட் ஆற்றுக்கு மேலே ஏறும் தெருவில் விக்டோரியா ராணி காலத்துக் கல்வீடு ஒன்று விலைக்கு வந்தபோது இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். அப்போது முன்னறை முழுக்கச் சுவருக்குச் சுவர் ஒரு கம்பளம் விரிந்திருந்தது. பழுப்பு நிறம், அதில் ஆரஞ்சுப் பூக்கள். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் மொய்ரா வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு, “பரவாயில்ல, காலுக்கு இதமா இருக்கு” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் போதும் என்றும் சொன்னாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை டூகல் அந்தக் கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் அகலமான பைன் பலகைகள், ஒவ்வொன்றும் அறையின் நீளத்துக்கு. அவ்வளவுதான். அந்த வாரமே கம்பளம் குப்பைத் தொட்டிக்குப் போனது. பலகைகளைத் தேய்த்தான், எண்ணெய் போட்டான், மறுபடி தேய்த்தான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, “அட, அந்தக் காலத்துப் பலகை அப்படியே இருக்கே” என்றார்கள். டூகலுக்கு உச்சி குளிர்ந்தது. மொய்ராவுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. வந்தவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுந்து போய்விடுவார்கள். இருந்து வாழ்கிறவளுக்குத்தானே தெரியும்.

அந்த மாதிரி வீடுகளில் பலகைத் தரை மண்ணைத் தொடாது. இடையில் தவழும் அளவு வெற்றிடம் இருக்கும். மரம் உளுத்துப்போகாமல் இருக்க, வெளிச்சுவரின் அடியில் காற்றுக்குத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றை அடைக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கும் காற்று அந்தத் துளைகளில் புகுந்து, பலகை இடுக்குகள் வழியாக மேலே வரும். கம்பளம் இருந்தவரை அது அடியிலேயே கிடந்தது. கம்பளம் போனதும் வீட்டுக்குள் குடிவந்தது. மேஜைமேல் வைத்த பேப்பர் தானாகப் புரளும். மொய்ராவின் பாவாடை ஓரம் தூக்கும். “வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் வந்துட்டார்” என்பாள் மொய்ரா. முதல் சில வருடங்கள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுபடி ஒரு கம்பளம் போடலாம் என்று கேட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பலகையை மூடறதா?” என்றான் டூகல். யாரோ குழந்தையைப் புதைக்கச் சொன்ன மாதிரி முகம் போனது. பிறகு, “செருப்புப் போட்டுக்கோயேன்” என்றான்.

கிறிஸ்துமஸ் தோறும் அவளுக்கு ஒரு ஜோடிக் கம்பளிச் செருப்பு வாங்கித் தருவான். நல்ல செருப்புதான், விலை அதிகம். ஆனாலும் பனிக்காலத்தில் அவள் கால்விரல்கள் சிவந்து வீங்கி, அரித்து, புண்ணாகும். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொள்வாள். அவளுக்கு மேலே ஏணியில் நின்றுகொண்டு டூகல், கூரையோரத்தில் சுண்ணச்சாந்தில் செய்த திராட்சைக் கொத்துகளைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு பழமாக, நூறு வருடப் பெயிண்ட் போய்ப் பழம் பழமாகத் தெரியும்வரை.

“குளிருது டூகல்.”

“ம். அடுத்த வருஷம் தரையைப் பண்ணிடலாம்.”

அடுத்த வருடம் வாசல் கதவின் வண்ணக் கண்ணாடி வந்தது. அதற்கடுத்து ஜெட்பரோவில் இடித்த ஒரு வீட்டின் இரும்புக் கணப்பு. அதற்கடுத்துப் பித்தளைக் கைப்பிடிகள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. தரைக்கு அடியில் செய்கிற வேலையை யார் வந்து குனிந்து பார்த்து மெச்சப்போகிறார்கள்? டூகல் இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தான் என்று சொல்லமாட்டேன். அவன் கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அது இன்னும் மோசம் என்று நினைக்கிறேன்.

கம்பளிச் சுருள்களை இறக்கும்போது ஹமிஷ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“என்னடா, ஆடு வளக்கப்போறியா?”

“தரைக்கு அடியில வைக்க.”

“இத்தனை வருஷமா அண்ணாந்து பாத்துட்டே இருந்த. இப்பத்தான் கீழ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுதா?” ஹமிஷ் மூக்கைச் சொறிந்துகொண்டான். “கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்.”

“அவ வெள்ளிக்கிழமை வரா.”

“சரி, ஒண்ணு கேக்கறேன். அவ இருக்கணும்னு பண்றியா, வந்தா காட்டணும்னு பண்றியா?”

டூகல் சுருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பலகைகளைப் பெயர்த்து மேலிருந்து வேலை செய்தால் இரண்டே நாளில் முடியும். ஆனால் பெயர்க்கும்போது பழைய பலகை ஓரங்கள் சிதையும். அதற்கு டூகல் மனம் ஒப்பவில்லை, இப்போதும்கூட. அதனால் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு சதுர மூடியைத் திறந்து, அதன் வழியாக இறங்கித் தவழ்ந்து போனான். மூட்டு முனகியது. கண்ணில் தூசு விழுந்தது. எப்போதோ செத்த எலி ஒன்றோடு முகத்துக்கு முகம் படுத்திருந்தான்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் டூகலைக் குறை சொல்ல முடியாது. கம்பளியை இடைவெளியைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டினான், கட்டைகளுக்கு நடுவே தானாகப் பிடித்து நிற்கும்படி. ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்திச் செருகினான். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் கன்னத்தை அதன் ஓரத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தான். காற்றுத் துளைகளை மட்டும் திறந்தே விட்டான். காற்று இனி அடியிலேயே உலாவிக்கொள்ளட்டும், மேலே வர அதற்கு உரிமையில்லை. முதலில் ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கினான், மொய்ராவின் நாற்காலி அங்கேதான் என்பதால். அந்தப் பாதியை முடித்துவிட்டு மேலே வந்து, காலுறையையும் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். கணப்பில் நெருப்பு எரிந்தது. காலடியில் காற்றே இல்லை. இது இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. இந்த நாற்காலியில் அதற்குமுன் அவன் உட்கார்ந்ததே இல்லை.

வியாழக்கிழமை பகலில் கதவுப் பக்கத்துப் பாதிக்கு அடியில் படுத்திருந்தான். அங்கே இன்னும் கம்பளி வைக்கவில்லை. தலைக்கு மேலே பலகை இடுக்குகள் வெளிச்சக் கீற்றுகளாகத் தெரிந்தன. அப்போது வாசல் கதவில் சாவி திரும்பியது. பிறகு இரண்டு பேர் காலடி.

“ஷூவைக் கழட்டுடி, எண்ணெய் போட்ட தரை,” என்றது மொய்ராவின் குரல்.

“இன்னும் இந்தத் தரைக்குப் பயந்துட்டே இருக்கியே,” என்றது எஃபியின் குரல்.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவள் ஒரு நாள் முன்பே வந்துவிட்டாள். “நான் இங்க இருக்கேன்” என்று டூகல் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் யாரும் சொல்லாமல், தானாக அவள் கால் ஜன்னல் பக்கம் போய், தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை வந்து வாயை மூடியது. பிடித்த பொருளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு நிற்கும் குழந்தை மாதிரி ஆகிவிட்டான்.

“எங்கே உன் ஆளு?” என்றாள் எஃபி.

“வேனைக் காணோம். கடைக்குப் போயிருப்பான்.”

வேனை ஹமிஷ் கடன் வாங்கிப் போயிருந்தான். உடனே சொல்லாததைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்வது கஷ்டம். இன்னும் கொஞ்சம் கழிந்தால் அது ஒளிந்திருப்பதாகவே ஆகிவிடும். டூகல் காதை மூடியிருந்த கம்பளித் தொப்பியை மெல்ல மேலே தள்ளினான்.

“அந்தத் திராட்சையைப் பாரேன்,” என்றாள் எஃபி. “ஒவ்வொண்ணுக்கும் பல்லு வெளக்கி விட்டிருக்கான். உனக்கு என்னிக்காவது ஒரு திராட்சை வாங்கிட்டு வந்திருக்கானா?”

“வாங்கிட்டு வந்திருக்கான். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப.”

“அப்ப நீ அங்கயே படுத்திருந்திருக்கணும்.”

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். கீழே டூகலுக்கும் உதடு அசைந்தது.

“அவனைச் சொல்லாதடி. நல்லவன்.”

“நல்லவன்தான். மியூசியத்துக்கு.”

பீரோ திறக்கும் சத்தம், பையில் துணி வைக்கும் சத்தம். பிறகு மொய்ரா பேசினாள், வேறு குரலில்.

“குளிரு இல்ல எஃபி விஷயம். நம்ம அம்மா வீட்ல ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமே பனி பிடிக்கும். நாம செத்தா போயிட்டோம்? நான் குளிருதுங்கறேன். அவன் செருப்புப் போடுங்கறான். ஒவ்வொரு வருஷமும் இதே. அதைக் கேக்கறப்பல்லாம், வீடு சரியாத்தான் இருக்கு, நீதான் சரியில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

ஸ்டேப்ளரைப் பிடித்திருந்த டூகலின் கை தானாக இறங்கி மண்ணில் படுத்தது.

“அதை அவன்கிட்ட சொல்லேன்.”

“எத்தனை தடவை? ஏணி மேல நின்னுக்கிட்டு ‘ம்’ங்கறான்.”

“வீட்டு ஏஜெண்டு நாளைக்கு வரைக்கும் பொறுக்க மாட்டேன்னுட்டான். இன்னைக்குச் சாயந்திரம் சொல்லலைன்னா வேற யாருக்காவது விட்டுடுவான். கம்பளம் போட்ட வீடுடி, சுவத்துக்குச் சுவர்.”

“நிறம்தான் ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு,” என்றாள் மொய்ரா. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அவள் காலடி நகர்ந்து வந்தது. டூகலின் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. அங்கிருந்த வெளிச்சக் கீற்றுகள் அணைந்தன. மூச்சு விட்டால் கேட்கும் தூரம். அவன் மூச்சு விடவில்லை. அவன் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றி அவனுக்கு நினைப்பே இல்லை.

வெகு நேரம் அவள் அங்கேயே நின்றமாதிரி இருந்தது.

“எஃபி, இந்தப் பையைக் கொண்டுபோய் கார்ல வை.”

“நீ?”

“வரேங்கறேன்ல. நீ போ.”

எஃபியின் காலடி வெளியே போனது. மொய்ராவின் காலடி ஜன்னல் பக்கம் நடந்தது. பாதி அறை வரை தெளிவாகக் கேட்டது. அதற்கப்பால் ஒன்றுமே கேட்கவில்லை, அவள் ஆகாயத்தில் ஏறிவிட்ட மாதிரி. டூகலுக்கு உடம்பெல்லாம் ஒரு பூரிப்பு. அது அவன் வைத்த கம்பளி. இப்போது அவள் காலுக்குத் தெரிந்திருக்கும். இந்த நிமிடம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ முனகல் வந்தது, போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி. போனில் பேசுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். முனகல் நின்று, மறுபடி ஒரு முறை வந்தது. பிறகு இல்லை. டூகல் இருட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தான்.

அப்புறம் காலடி மெதுவாகத் திரும்பி வந்தது. அவனுக்கு மேலே நிற்காமல் கடந்தது. வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவன் முதுகால் ஊர்ந்து, அலமாரிப் பொந்து வழியாக வெளியே வந்து, ஜன்னலுக்கு ஓடுவதற்குள் எஃபியின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஆணியில் மொய்ராவின் குளிர்கோட்டு இல்லை. போன் செய்யலாமா என்று யோசித்தான். செய்தால் கீழே படுத்துக் கேட்டதைச் சொல்ல வேண்டிவரும். ஏஜெண்டு பற்றிக் கேட்டது காதில்தான் இருந்தது. ஆனால் காலில் காற்று படாத அந்தப் பக்கம் அவள் இவ்வளவு நேரம் நின்றாளே, அதற்கப்புறம் எப்படி அந்த ஃபிளாட்டுக்கு ஆம் என்று சொல்வாள்? நாளைக்கு அவளே வருவாள். மீதிப் பாதியையும் முடித்து வைத்துவிடலாம் என்று மறுபடி கீழே இறங்கிவிட்டான். வேலை இருந்தால் போதும், டூகல் எந்த முகத்தையும் பார்க்காமல் இருந்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை கணப்பை மூட்டி, அவளுக்குப் பிடித்த உலர்திராட்சைப் பன் வாங்கி வைத்து, நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாகப் போட்டான். யாரும் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு எஃபி வீட்டுக்குப் போன் செய்தான்.

“அவ இல்ல,” என்றாள் எஃபி. வழக்கமான கேலி அவள் குரலில் இல்லை. “புது வீட்டுச் சாவி வாங்கப் போயிருக்கா.”

மறுநாள் காலை அந்தப் பன்னையும் எடுத்துக்கொண்டு வேனில் கலாஷீல்ஸ் போனான். மொய்ராவே கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சாமானும் இல்லை. ஒரு கெட்டில், இரண்டு கோப்பை, சுவருக்குச் சுவர் கஞ்சி நிறக் கம்பளம். அவள் வெறுங்காலோடு நின்றாள்.

“ஷூவோடயே வா, பரவாயில்ல.”

“இல்ல, கழட்டறேன்.”

தரையிலேயே உட்கார்ந்தார்கள். அவள் டீ ஊற்றினாள். பன்னைப் பிய்த்து ஆளுக்குப் பாதி வைத்தாள். டூகலின் கை தானாகச் சுவரோரம் போய்க் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்தது, அடியில் என்ன பலகை என்று பார்க்க.

“தொடாதே,” என்றாள் மொய்ரா.

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“தரை முடிஞ்சிடுச்சு,” என்றான்.

“நல்லது.”

“வியாழக்கிழமை நீ வந்தப்ப பாதிதான் முடிஞ்சிருந்தது. இப்ப முழுசா…” நிறுத்திக்கொண்டான்.

“நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டேன்,” என்றாள் மொய்ரா. “நீ கீழ இருந்தது எனக்குத் தெரியும். பலகை இடுக்குலேருந்து வெளிச்சம் வந்துச்சு. கதவுப் பக்கம் பூரா கோடு போட்ட நோட்டு மாதிரி. அதும் மேலயேதான் நின்னேன்.”

டூகல் கோப்பையைக் கீழே வைத்தான்.

“கோவம்னா கோவம். ஒளிஞ்சு கேக்கறான் பாருன்னு. எஃபி இருக்கறப்ப சண்டை வேண்டாம்னு அவளை வெளிய அனுப்பினேன். அவ கார்கிட்ட போயிட்டாளான்னு பாக்க ஜன்னலுக்குப் போனேன். அங்க போனதும் கால்ல காத்து இல்ல.” மொய்ரா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒண்ணுமே இல்ல டூகல். நான் அங்கயே நின்னேன். கோவம் எங்க போச்சுன்னே தெரியல. அப்படியே மண்டி போட்டேன், என் மூட்டு இருக்கற லட்சணத்துல. பலகை மேல வாயை வெச்சு, ‘டூகல், மேல வா, டீ போடறேன்’னேன்.”

தெருவில் ஒரு பஸ் போனது.

“பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டேன். அப்பவும் இல்ல. வாயில என்ன கொழுக்கட்டையான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் முட்டி போட்டபடியே இருந்தேன். அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன். போன் என் பாக்கெட்ல இருந்துச்சு. நீ ஒரு ‘ம்’ சொல்லியிருந்தாக்கூட ஏஜெண்டுக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“எனக்குக் கேக்கல மொய்ரா.”

“மத்ததெல்லாம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“செருப்பு?”

“கேட்டுச்சு.”

“மியூசியம்?”

“அதுவும்.”

“இது மட்டும் கேக்கல.”

“அந்தப் பக்கம் முடிச்சிருந்தேன். ஒரு இடுக்கு விடல. ஏதோ முனகல் வந்துச்சு, நீ போன் பேசறேன்னு நெனச்சேன். நான் அங்க படுத்துக்கிட்டு…”

“படுத்துக்கிட்டு?”

“சிரிச்சுக்கிட்டு இருந்தேன். உன் காலுக்குத் தெரிஞ்சிருக்கும்னு.”

மொய்ரா அவன் முகத்தையே பார்த்தாள். தரையைப் பற்றிப் போனில் சொன்னது போல நாளைக்குச் செய்யப்போவதை இன்றே செய்வதாக டூகல் அளப்பான். ஆனால் செய்து முடித்த வேலையைப் பற்றி ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பாதியிலேயே அது அழுகையாக மாறியது அவளுக்கே தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். டூகலுக்குத் தாழி உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

“அப்ப நல்லாத்தான் பண்ணியிருக்க,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“நான் பண்ணதுலயே நல்ல வேலை அதுதான்.” அவன் அவள் பக்கம் நகர்ந்தான். “வந்துடு. இப்பவே ஏஜெண்டுகிட்ட நான் பேசறேன். இது ஏதோ தப்பா நடந்து போச்சு, அவ்வளவுதானே. எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா வந்திருப்பேன்.”

மொய்ரா கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

“நான் வாசக்கதவைத் தொறந்தது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எஃபிகிட்ட ஷூவைக் கழட்டுன்னேனே, அது?”

“கேட்டுச்சு.”

“அங்க கம்பளி வெக்கலையே டூகல். அப்பவே ‘மொய்ரா, இங்க இருக்கேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

ஜன்னல் பக்கத்துக்கு டூகலிடம் காரணம் இருந்தது. கதவுப் பக்கத்துக்கு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவளுக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். சொன்னால், இத்தனை வருடமும் அதைத்தானே நினைத்தாய் என்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டான். இருபது வருடங்களுக்கும் மேல் அவன் செய்தது அதுதான், மறுபடியும் அதையே செய்தான்.

“அப்பவும் சொல்லல, இப்பவும் சொல்லல,” என்றாள் மொய்ரா. கோபமாக அல்ல. அவன் கோப்பையை வாங்கி, ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றிக் கொடுத்தாள்.

“தரையைப் பாக்கவாவது வருவியா?”

“வரேன். ஒரு நாள், விருந்தாளியா.”

அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை டூகலுக்குத் தெரியும். குனிந்து பார்ப்பார்கள், மெச்சுவார்கள், ஒரு டீயோடு எழுந்து போய்விடுவார்கள்.

வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மலைக்காற்று கல்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. டூகல் கதவைத் திறந்து உள்ளே வந்து, பழக்கத்தில் ஷூவைக் கழற்றினான். கணப்பு அணைந்து நெடுநேரமாகியும் முன்னறை கதகதவென்று இருந்தது. மேஜைமேல் கிடந்த பேப்பர் அசையவில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரரைக் காலி செய்துவிட்டான். அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தான். எங்கும் ஒரே சூடு.

ஜன்னலருகே நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்டியிட்டான். அவள் எந்தப் பலகையில் வாயை வைத்திருப்பாள் என்று தேடினான். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஏதோ ஒன்றின்மேல் குனிந்து, உதடு மரத்தில் படும்படி, “இதோ வரேன், மொய்ரா. டீ போடு,” என்றான்.

கீழே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. வேலை அவ்வளவு சுத்தம்.